பத்து விரலும் நலமா?

பத்து பாகாட்,
ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே நலம். என் கைப்பேசிதான் ஹாஸ்டல் வார்டனின் அலமாரிக்குள் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது. செடெனாக்கில் நீங்கள், அண்ணன், அம்மா எல்லாரும் நலமா? முக்கியமாக, உங்கள் பத்து விரலும் நலமா? பட்டறைக்காரர்களிடம் நலத்தை மொத்தமாகக் கேட்கக் கூடாது. சில்லறையாக எண்ணிக் கேட்க வேண்டும்.

கைப்பேசி ஏன் உள்ளே போனது என்று அம்மா சொல்லியிருப்பார். நான் செய்தது ஒன்றுமில்லை. பள்ளிக்கூட மணியைப் பதிவு செய்து, கணக்குப் பாடத்தின் நடுவில் ஜன்னலோரம் வைத்து ஒலிக்கவிட்டேன். எங்கள் வகுப்பு மட்டும் எழுந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து மூன்று வகுப்புகளும் ஒரு வாத்தியாரும் சேர்ந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மணி அடித்தவளுக்கே மணி அடித்தாகிவிட்டது. வருஷம் முடியும்வரை ஃபோன் கிடையாது.

ஆகவே கடிதம். வார்டன் எல்லாருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்க்கிறார். தமிழைக் கண்டதும் இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, "கவிதையா?" என்று கேட்டார். "ஆமாம் டீச்சர்" என்றேன். இனி நாம் எதை வேண்டுமானாலும் கவிதையாக எழுதலாம்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா, "பொண்ணு கிரைண்டர்ல கெட்டிக்காரி" என்றாரே, அம்மா அதை இட்லி மாவு என்று நினைத்துத் தலையாட்டியது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் ஆறு வருஷம் இரும்பு அறுத்த கை என்று தெரிந்தபோது தாம்பூலம் மாற்றி முடிந்திருந்தது. தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் ஊக்கால் குத்தி, கூந்தலைத் தொப்பிக்குள் திணித்து, முகக் கவசத்தை இறக்கிவிட்டு நீங்கள் நம் பட்டறையில் கேட் கம்பி அறுத்ததை முதல் தடவை பார்த்தபோது, சத்தியமாக அண்ணி, நான் திறந்த வாயை மூடவில்லை. நான் வாயை மூடுவதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

ஆனால் நம் தியாகு அண்ணன்? கைக் கிரைண்டரில் சுழலும் டிஸ்க்கின் பாதியை மறைக்கிற இரும்பு மூடியைக் கழற்றிவிட்டல்லவா அறுக்கிறார்! கண்ணுக்கும் கவசம் கிடையாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டால் பொறி உள்ளே போகாதாம். அவர் விரல்களையும் எண்ணி எழுதுங்கள்.

உங்கள் ஒரே நாத்தனார்,
சாருமதி


செடெனாக்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள சாருவுக்கு,

எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. விரல் கணக்கு: எனக்குப் பத்து, உன் அண்ணனுக்குப் பத்து, பட்டறையில் இருபது வருஷமாக இருக்கும் ஐயாசாமி அண்ணனுக்கு ஒன்பதரை. அந்த அரை, நான் வருவதற்கு முன்னால் போனது.

மூடியைத் தேடினேன். சாமி படத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். "மூடி இருந்தா வெட்டுற இடம் தெரிய மாட்டேங்குது லா" என்றார் உன் அண்ணன். டிஸ்க்கின் நடு வளையத்தில் அச்சடித்திருக்கும் தேதியைக் காட்டினேன். முடிந்து இரண்டு வருஷம். "இது என்ன பாக்கெட் பாலா, திரிஞ்சு போறதுக்கு?" என்றார். டிஸ்க்கைக் கட்டிப் பிடித்திருக்கும் பசை நாள்பட்டால் விட்டுப்போகும், அந்த வேகத்தில் உடைந்தால் கண் இமைப்பதற்குள் துண்டு முகத்துக்கு வந்துவிடும் என்றேன். "தங்கச்சி கப்பல் பாஷை பேசுது" என்றார் ஐயாசாமி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சண்டை போடவில்லை. கப்பல் பட்டறையில் நான் போட்டிருந்த பழைய முகக் கவசத்தை மறுநாள் எடுத்துவந்து, நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதில் ஒரு டிஸ்க் துண்டு இன்றைக்கும் குத்திக்கொண்டு நிற்கிறது, இடது கண் இருக்கிற இடத்தில். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேதி பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.

கணக்குப் பாடத்தில் இனியாவது கணக்குப் போடு.

வேதநாயகி


பத்து பாகாட்,
ஆகஸ்ட் 24

அன்பும் அதிசயமுமான அண்ணிக்கு,

நான் நலம். ஹாஸ்டல் சாம்பாரும் நலம், அதே சாம்பார்தான் திங்கள்கிழமையிலிருந்து உயிரோடு இருக்கிறது. பத்து விரலும் நலமா?

உங்கள் கடிதத்தை அறைத்தோழி ஃபரீஹாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கவசம் வந்த இடத்தில் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க அண்ணி சண்டை போடாமலே சண்டை போடுறாங்கடி" என்றாள். நானாக இருந்தால் அந்த மூடியை அண்ணனின் தலையணைக்குள் வைத்துத் தைத்திருப்பேன். நீங்கள் ஒரு ஆணி அடித்து முடித்துவிட்டீர்கள். இப்படி ஒரு மூளை எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் கைப்பேசி என்னிடம் இருந்திருக்கும்.

நடந்ததை உடனே எழுதுங்கள். ஹாஸ்டலில் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். உங்கள் பேர் இங்கே "கப்பல் அண்ணி".

சாரு


செடெனாக்,
செப்டம்பர் 14

அன்புள்ள சாருவுக்கு,

நாங்கள் நலம். உன் தோழிக்கு என் விசாரிப்பைச் சொல்.

நாள்காட்டியில் தேதி கிழிக்கும் வேலையை உன் அண்ணன் ஐயாசாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் இப்படி ஓடியது. போன செவ்வாய்க்கிழமை நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது கொசுவத்தி ஒரு மைலோ டின்னின்மேல் எரிந்துகொண்டிருந்தது. மூடி கிரைண்டரில் இருந்தது. பழைய டிஸ்க்குகள் குப்பைத் தொட்டியில் இருந்தன. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவராகவே, யாரும் கேட்காமல், "வெட்டுற இடம் தெரியுது லா" என்றார்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் லீவு கேட்டு வா. உன் குறும்பெல்லாம் சமையலறையோடு நிற்கட்டும். பட்டறைக்குள் வேண்டாம்.

வேதநாயகி


பத்து பாகாட்,
அக்டோபர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த சுண்டல் பத்திரமாக வந்து சேரவில்லை. வழியிலேயே காலி.

நேற்றைய பூசை எனக்கு ரொம்பப் பிடித்தது. கிரைண்டர்களின் மூடியையெல்லாம் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மாலை வேறு. மறுபடி மாட்டினால் பொட்டு அழிந்துவிடும் என்று அண்ணனும் ஐயாசாமி மாமாவும் மூடிகளை அப்படியே வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகத் திருகி மாட்டினீர்கள். "சாமிக்கே பாதுகாப்பா அண்ணி?" என்று கேட்டேன். "சாமிக்கு இல்ல. காலைல அவசரத்துல எவனும் மாட்ட மாட்டான்" என்றீர்கள். என் பார்வையில் நேற்று பூசைக்கு உரியவர் அந்தப் படத்தில் இல்லை, கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

சரி, இப்போது ரகசியம். நீங்கள் வீட்டுக்குள் போன பிறகு அண்ணனின் கிரைண்டருக்கு ஒரு சின்ன வேலை செய்தேன். பிளக் வெளியேதான் கிடந்தது, பயப்படாதீர்கள். சுவிட்சை முன்னால் தள்ளி, அழுத்திப் பூட்டிவிட்டேன். விஜயதசமி முதல் வெட்டுக்கு அண்ணன் பயபக்தியோடு பிளக்கைச் சொருகியதும் அது தானாகவே கத்திக்கொண்டு எழுந்திருக்கும். அண்ணன் வேட்டியோடு தாவியிருப்பார். அலமாக், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே! எத்தனை அடி தாவினார் என்று அளந்து எழுதுங்கள். அதுதான் மூடி இருக்கிறதே, ஒன்றும் ஆகியிருக்காது.

பத்து விரலும் நலமா?

சாரு


செடெனாக்,
அக்டோபர் 11

அன்புள்ள சாருவுக்கு,

எல்லாரும் நலம். வேலை அதிகம். அதனால் தாமதம்.

தலைத் தீபாவளிக்கு நானும் உன் அண்ணனும் தங்காக்கில் என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். நீ வரும்போது இருக்க மாட்டோம். உனக்கு எடுத்த துணி அலமாரியில் இருக்கிறது, பச்சை நிறம்.

பரீட்சைக்குப் படி.

வேதநாயகி


பத்து பாகாட்,
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு நலமறியப் பயமாக இருக்கிறது. இது என்ன எழுத்து? நண்டுக்கு மை தொட்டு விட்டீர்களா? வார்டன்கூட இந்தத் தடவை கவிதையா என்று கேட்கவில்லை, வரைபடமா என்று கேட்டார். "நான் இடக்கைக்காரி, என் எழுத்து முத்து" என்று பெருமை பேசுவீர்களே, இது எந்தக் கை?

அண்ணன் தாவியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபமா? இத்தனை சின்னக் கடிதத்துக்கா நான் ஹாஸ்டலையே கூட்டி வைத்திருந்தேன்?

பத்து விரலும் நலமா? எழுத்தைப் பார்த்தால் பத்தும் சேர்ந்து தண்ணி போட்ட மாதிரி இருக்கிறது.

சாரு


பத்து பாகாட்,
அக்டோபர் 23

அண்ணி,

வீட்டுக்குப் போயிருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் பட்டறை பூட்டியிருந்ததைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார்.

"தியாகுதான் சொன்னான், 'இந்த வருஷம் முதல் வெட்டு வேதா வெட்டட்டும்'னு. எல்லாரும் சுத்தி நின்னோம். சாமி காரியத்துக்குக்கூட மூஞ்சிக் கவசமான்னு ஐயாசாமி கிண்டல் பண்ணாரு. மிஷின்ல கிடந்த மாலையை எடுக்க அவ இடது கையை நீட்டுறா, அதுக்குள்ள ஐயாசாமி அவசரப்பட்டு பிளக்கைச் சொருகிட்டாரு. அது பாட்டுக்கு எகிறிச்சு பாரு! பக்கத்து இரும்புல மோதி டிஸ்க் உடைஞ்சு, துண்டெல்லாம் அந்த மூடிலயும் அவ கவசத்துலயும் படபடன்னு அடிச்சுது. நான் நேர் எதிர்ல நின்னேன்டி. மூடி மட்டும் இல்லன்னா என்னை நீ படத்துல பார்த்திருப்ப. மிஷின் அவ கைமேல விழுந்துச்சு. ஆள்காட்டி விரல் நரம்பு அறுந்து, பதினாலு தையல். உனக்குப் பரீட்சை, சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா."

பிறகு அம்மா சொன்னது இது. "முந்தின நாள் கடைசியா மிஷினைத் தொட்டது நீதானே, சுவிட்சைப் பார்க்கலையான்னு கேட்டேன். 'ஆமா மாமி, என் தப்புதான்'னா. இனிமே பட்டறைப் படியை மிதிக்க வேணாம்னு சொல்லிட்டேன். தியாகுவும் வாயைத் திறக்கலை."

கடைசியாகத் தொட்டது நீங்கள் இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

நான் அக்டோபர் 2ஆம் தேதி எழுதிய கடிதம் வந்ததா? வந்திருந்தால் ஏன் யாரிடமும் காட்டவில்லை? நான் நண்டு என்றெல்லாம் எழுதினேனே, அதையும் வாசித்தீர்களா?

அந்தப் பச்சைத் துணியைப் போட்டுக்கொள்ளவில்லை.

சாருமதி


செடெனாக்,
நவம்பர் 1

அன்புள்ள சாருவுக்கு,

அந்தக் கடிதம் 6ஆம் தேதி வந்தது. நான்தான் வாங்கினேன். வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள். நண்டும் வந்து சேர்ந்தது. கட்டோடு சிரித்தேன், தையல் வலித்தது.

உனக்குப் பதினாறு வயசு. வீட்டில் ஒரு பேர் வந்துவிட்டால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. கப்பல் பட்டறையில் முதல் வருஷம் முழுக்க அதுதான் சாப்பாடு.

இப்போது மாமி என்னைச் சமையலறையில் மாவு அரைக்க விட்டிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று அவர் நினைத்த கிரைண்டருக்கே கடைசியில் வந்துவிட்டேன். நன்றாகத்தான் அரைபடுகிறது. பட்டறைச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். கிரைண்டர் சத்தத்தை வைத்தே மூடி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அது ஒன்றுதான் கவலை.

பரீட்சையை எழுது. துணியைப் போட்டுக்கொள்.

வேதநாயகி


பத்து பாகாட்,
நவம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஒரு வேடிக்கையும் இல்லை. தேடாதீர்கள்.

ஆயுத பூசையன்று சாயங்காலம் உங்கள் கிரைண்டரின் சுவிட்சைப் பூட்டி வைத்தது நான். பிளக்கைச் சொருகியதும் நீங்கள் பயந்து தாவ வேண்டும் என்று செய்தேன். நீங்கள் முதல் வெட்டை அண்ணிக்குக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். செய்திருப்பேன். ஏனென்றால் ஒரு சுவிட்ச் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரியும். அதனால்தான் பட்டறைக்குள் குறும்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

நான் செய்ததை நானே ஒரு கடிதத்தில் எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். அது அவர் கையில் இருந்தது. அம்மா திட்டியபோதும் இருந்தது, நீங்கள் வாயைத் திறக்காதபோதும் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும், காட்டவில்லை. ஐயாசாமி மாமாவும் பழியைத் தன் தலையில்தான் போட்டுக்கொண்டிருப்பார். அவரிடமும் சொல்லுங்கள்.

அண்ணே, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு தனியாக நின்று அந்த மூடிகளை மாட்டியது யார்? அம்மா இன்றைக்கு உயிரோடு முறுக்கு பிழிகிறார் என்றால் அது அந்த ஒரு வேலையால். அவரையா பட்டறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? வெளியே நிறுத்த வேண்டியது என்னை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

சாருமதி


செடெனாக்,
நவம்பர் 24

அன்புள்ள சாருவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த பிறகு பத்து நாள் உன் அண்ணன் உன் பேரை எடுக்கவில்லை. அதனால்தான் நானும் எழுதவில்லை. இப்போது எழுதலாம்.

உன் கடிதத்தை அவர் பட்டறையில் நின்று வாசித்தார். மாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு தடவை. இரண்டாவது தடவை "முறுக்கு பிழிகிறார்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். ஐயாசாமி அண்ணன் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அந்தப் பிள்ளை வரட்டும், காதைத் திருகுறேன்" என்றார், அழுதுகொண்டே.

மறுநாள் காலையில் மாமி என் பட்டறைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலிமேல் வைத்திருந்தார். தாலிச் சங்கிலியைக் குத்தும் ஊக்கும் அதிலேயே குத்தியிருந்தது.

ஒரு விஷயத்தில் நீ எழுதியது தப்பு. "என் தப்புதான்" என்று நான் சொன்னது உன்னைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இல்லை. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை பிளக் போட்டிருப்பேன், ஒரு தடவைகூடச் சுவிட்சைப் பார்க்காமல் போட்டதில்லை, போட விட்டதும் இல்லை. அன்றைக்குப் பார்க்கவில்லை. உன் அண்ணன் எல்லார் முன்னாலும் "வேதா வெட்டட்டும்" என்றாரா, எனக்குச் சந்தோஷத்தில் கண் தெரியவில்லை. இரும்புக்கு அதெல்லாம் தெரியாது.

இப்போது பட்டறையில் ஒரு புது வழக்கம். உன் அண்ணன் கொண்டுவந்தது. பிளக் பக்கம் நிற்கிறவர், "சாரு?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். மிஷின் பக்கம் நிற்கிறவர் சுவிட்சைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, "தூங்குறா!" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது உன் பேர் அடிபடுகிறது. போன வாரம் கேட் வாங்க வந்த சீனத்து ஆன்ட்டி, "யாரு அந்த சாரு, எப்பவும் தூங்கிட்டே இருக்கா?" என்று கேட்டாராம். நீ வந்திருக்கும்போது என்ன பதில் சொல்வது என்று ஐயாசாமி அண்ணனுக்கு இப்போதே கவலை.

நேற்று நான் வெட்டினேன். உன் அண்ணன் பிளக் பக்கம் நின்றார். "சாரு?" என்றார். நான் பார்த்தேன், தொட்டேன், சொன்னேன். பிறகும் அவர் போடவில்லை. "இன்னொரு தடவை பாரு" என்றார். இன்னொரு தடவை பார்த்தேன்.

டிசம்பர் லீவுக்கு வா. மூடிகளைக் கழற்றிக் குளிப்பாட்டுவது உன் வேலை. திருப்பி மாட்டுவதும் உன் வேலை.

இரண்டு கடிதமாக நீ ஒன்றைக் கேட்பதை நிறுத்திவிட்டாய். எனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைத் தினமும் அமுக்குகிறேன். பத்தும் இருக்கிறது, ஒன்பது மடங்குகிறது. இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதியிருக்கிறேன். இப்போதும் நண்டுதான், ஆனால் என் நண்டு.

வேதநாயகி


பத்து பாகாட்,
நவம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

பத்து விரலும் நலமா?

சாரு